பழைய கருவியும் பாவனைக் கம்ப்யூட்டரும்

1990-ஐ ஒட்டி வாங்கப்பெற்ற ஆய்வுக்கூடத் தராசு இன்றும் பழுதின்றி இருத்தல் கூடும். ஆயினும் அதனை இயக்கிவந்த கம்ப்யூட்டர் கெட்டுவிட்டால் கருவியும் மூலையில் ஒதுக்கப்படுகிறது. டாஸ் முறைக்கென எழுதிய அதன் புரோகிராமை 64-பிட் விண்டோஸ் ஏற்பதில்லை.

இவ்விடத்தில் துணைபுரிவது எமுலேட்டர். அதாவது, பழைய யந்திரத்தைப் போலவே பாவனை செய்யும் புரோகிராம். 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் அத்தகையது. விளையாட்டுகளுக்கென இயற்றப்பட்டதாயினும் ஆய்வுக்கூடத்திற்கும் உதவுகிறது.

முதல் இடையூறு வேகம். டர்போ பாஸ்கல் மொழியில் இயற்றிய பல புரோகிராம்கள், ஒரு வெற்றுச் சுழற்சி சுமார் 55 மில்லிசெகண்டில் எத்தனை முறை ஓடுகின்றது என எண்ணி, அத்தொகையை 55-ஆல் வகுத்துக் காலத்தைக் கணித்தன. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட யந்திரங்களில் ஈவு 65,535-ஐ மீறிவிடும். உடனே 'பிழை 200' என அறிவித்துப் புரோகிராம் நின்றுவிடும். பூஜ்யத்தால் வகுத்ததாக அது கூறுவது வீண்பழியே! டாஸ்பாக்ஸில் 'சைக்கிள்ஸ்' என்னும் எண்ணைக் குறைத்தால் இப்பிழை நீங்கும்.

அடுத்தது இணைப்பு. எமுலேட்டர் காட்டும் சீரியல் போர்ட்டும் பாவனையே. கருவிக்கு அனுப்பும் கட்டளை அங்கேயே நின்றுவிடும். அமைப்புக் கோப்பில் 'டைரக்ட்சீரியல்' எனக் குறித்து, கம்ப்யூட்டரின் உண்மையான போர்ட்டின் பெயரையும் தருதல் வேண்டும். பின்னர், எடை தெரிந்த படிக்கல்லை வைத்து அளவைச் சரிபார்த்த பிறகே தராசைப் பயன்படுத்தலாம்.

கம்ப்யூட்டரின் உள்ளே செருகும் ஐ.எஸ்.ஏ. அட்டையால் இயங்கும் கருவிகளுக்கு டாஸ்பாக்ஸ் பயன்படாது. அவற்றிற்குப் பழைய கம்ப்யூட்டரையே செப்பனிட்டு வைத்திருத்தல் வேண்டும்.