பிள்ளையின் வலியும் மெய்நிகர்க் கண்ணாடியும்

அறுவை சிகிச்சை முடிந்த குழந்தை அழும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று தேற்றுவது நம் வழக்கம். ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டே ஆகவேண்டும் என்பதில்லை. வலி மிகுந்த குழந்தை ஆழ்ந்து மூச்சு விடத் தயங்கும். இருமாது, நடக்காது, உறங்காது. அதனால் உடல் தேறுவதும் தாமதமாகும். வலியைத் தணிக்க மருந்து உண்டு. அம்மருந்துக்குத் துணையாக இன்று பயன்படுத்தப்படும் மெய்நிகர்க் கண்ணாடியைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

இது கண்களை முழுவதும் மறைக்கும் கருவி. இரு கண்களுக்கும் தனித்தனிக் காட்சி காட்டப்படுவதால் ஆழம் தோன்றும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். குழந்தை வேறோர் உலகில் இருப்பதாகவே உணரும்.

இதனால் வலி குறைவது எவ்வாறு? காயத்திலிருந்து வரும் செய்தியை வலியாக உணர்வது மூளை. மூளையின் கவனத்துக்கோ ஓர் எல்லை உண்டு. அக்கவனத்தின் பெரும்பகுதியைக் காட்சி ஈர்த்துக்கொண்டால், வலிக்குக் கிடைப்பது குறையும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் ஆகியோர் 1990-களில் தீக்காயம் பட்டவர்களிடம் இம்முறையைத் தொடங்கினர். அவர்கள் குழு உருவாக்கிய 'ஸ்நோ வேர்ல்டு' விளையாட்டில், நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிக்கட்டி உருண்டைகளை எறிவார். 2004-இல் நலமுள்ளவர்களிடம் நடத்திய மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்ததையும் ஹாஃப்மன் குழுவினர் கண்டனர். கடலும் படகும் பழகிய கட்டுமாவடிப் பிள்ளைக்குப் பனிமலை புதுமையாக இருக்கும். எனினும் காட்சியின் புதுமையைவிட, அதனுள் பிள்ளை தானே ஏதேனும் செய்ய முடிவதே முக்கியம்.

கட்டு மாற்றுதல், தையல் பிரித்தல், முதன்முறை எழுந்து நடத்தல் போன்ற குறுகிய நேரங்களுக்கே இது பொருந்தும். குழந்தைகளின் வலி குறித்த ஆய்வுகளை 2020-இல் தொகுத்த காக்ரேன் அமைப்பு, உறுதியான முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றது. ஆகவே இதை வலி மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். வலிப்பு நோய், தலையிலோ முகத்திலோ காயம், கண் சிகிச்சை ஆகியவை இருப்பின் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ சிகிச்சைக்குச் செல்லும் இடத்தில் இக்கருவி இல்லையெனில் கவலை வேண்டா. கவனத்தைத் திருப்புவதே இதன் அடிப்படை. கதை சொல்லுங்கள், விடுகதை போடுங்கள், சோப்பு நுரைக் குமிழி ஊதச் செய்யுங்கள். "ஊசி போட்டுவிடுவார்கள்" என்று மட்டும் அச்சுறுத்தாதீர்கள். அச்சம் வலியைப் பெருக்கும்.

மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த நேரத்தில் கொடுங்கள். அதன் பின்னரும் வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்து வீங்கினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ விளையாட்டுக் காட்டிச் சமாளிக்க வேண்டா; உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அத்தகைய வலி ஓர் எச்சரிக்கை. அதை மறைக்காமல் காரணம் அறிவதே குழந்தைக்கு நன்மை.