வசந்தம் நம் வாசலிலும் வருகிறது

வசந்த காலம் பற்றி எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பலர் உருகும் பனிக்கட்டியையும் ட்யூலிப் மலர்களையும் எழுதுகிறார்கள். செல்போனில் பார்த்தது அதுதான். நம் மண்ணின் வசந்தமோ வேறு.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை முதல் ராஜபாளையம் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் பல உண்டு. தை, மாசியில் அவை பூத்து மணக்கும். பங்குனியில் பின்பனி முடியும்போது வேம்பு பழைய இலைகளை உதிர்த்து, செந்தளிர் விட்டுப் பூக்கத் தொடங்கும். சித்திரையில் இளவேனில் பிறந்துவிடும்.

இறந்துகிடந்த பூமியை இறைவன் எப்படி உயிர்ப்பிக்கிறான் என்று பார்க்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (30:50). எழுத்துக்கும் பார்ப்பதே முதல் படி.

17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாடே மழையும் ஆறும் நெல்வயலுமாகத் தமிழ் நிலம் போல விரிகிறது. அது தமிழ்க் காப்பிய மரபு. தூரத்து நாட்டைப் பாடவும் சொந்த மண்ணே சொல் தந்தது.

ஆகவே பெற்றோர்களே, விடுமுறை நாளில் சுப்ஹு தொழுகைக்குப் பின் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வோம். தெருவோர வேம்பு போதும். வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்து மூன்று வரி எழுதட்டும். "அழகு" என்ற சொல் வேண்டாம். நிறம், மணம், ஓசை மட்டும் எழுதட்டும்.

மாம்பூக்களில் பெரும்பகுதி உதிர்ந்து, சிலவே காயாகும். எழுதும் வரிகளும் அப்படித்தான். உதிர்வதைக் கண்டு பிள்ளைகள் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வோம்.