ஓவியத்துக்கும் ஒரு வாட்டு மாடி

ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரத்துக்குத் தேயிலைப் பைதான் காகிதம், தேயிலைக் கறைதான் வர்ணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர். தோட்டத்துப் பெண்களின் கதையைத் தோட்டத்துப் பொருளாலேயே சொல்கிறார். அவருடைய படைப்புகள் கொழும்பில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அப்படியொரு கண்காட்சியை மலைநாட்டுக் கந்தப்பளையில் வைக்க வேண்டுமென்றால் என்னென்ன தேவை? மண்டபம், திறப்பு விழா, பொன்னாடை என்றுதான் கணக்குப் போடுவோம். என்னைக் கேட்டால், பட்டியலில் முதலில் வர வேண்டியது காற்று.

அதற்கு முன் அந்தக் கறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பச்சைக் கொழுந்தில் கட்டெகின் என்ற நிறமற்ற பொருள்கள் நிறைய உண்டு. உருட்டு இயந்திரத்தில் இலை நசுங்கும்போது கலங்கள் உடைந்து, அதுவரை தனியாக இருந்த ஒரு நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கட்டெகினோடு சேர்கின்றன. பொன்னிறத் தியாஃப்ளவினும் செம்பழுப்பு நிறத் தியாருபிஜினும் பிறப்பது அப்போதுதான். இந்தச் சாயத்தில் இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் வெளுக்கும். சோடா மாவைக் கலந்தால் கறுக்கும். கூரைத் தகரத்தில் இருந்து பிடுங்கிய துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறவைத்து அந்த நீரைக் கலந்தால், இரும்பு தேயிலையின் பொலிஃபினோலைப் பற்றிக்கொண்டு மையாகவே கறுத்துவிடும். ஐரோப்பியர் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக எழுதிய இரும்பு மையின் இரசாயனமும் ஏறத்தாழ இதுதான். ஆக, ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் இருந்து வெளிர் மஞ்சள் முதல் கறுப்பு வரை எடுக்கலாம்.

பையும் லேசுப்பட்டதல்ல. சாதாரணத் தாளைக் கொதிநீரில் போட்டால் கூழாகும். தேயிலைப் பை அப்படி ஆவதில்லை. அதில் அபாக்கா என்னும் வாழை இனத்தின் நீண்ட நார் சேர்க்கப்படுவது வழக்கம். ஈரத்திலும் நார்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும். ஒரு சொட்டுச் சாயம் காயும்போது ஓரத்தில் கருங்கோடு விழுவதைக் கவனித்திருப்பீர்கள். சொட்டின் விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடிவரும் நீர் நிறத்துகள்களையும் இழுத்து வருகிறது. அன்றாடம் கண்ணில் படும் இந்தக் கோட்டுக்குச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கம் தந்தது 1997இல்தான்!

இனி கந்தப்பளைக் காற்றுக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றர் அளவு உயரம், மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும். காற்றின் ஈரப்பதன் 85 வீதமாக இருப்பது இங்கே அதிசயமில்லை. தாளில் வரைந்த ஓவியத்துக்கு 50 வீதத்தை ஒட்டிய ஈரப்பதன் உகந்தது. 65, 70ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். தாள் ஈரத்தை உறிஞ்சி ஊதும், பிறகு சுருங்கும், நெளியும்.

ஆனால் ஈரக்காற்றை உலர்ந்த காற்றாக்குவது இந்த ஊருக்குப் புதிய வித்தையா என்ன? 16 பாகை செல்சியசில் 85 வீத ஈரப்பதன் உள்ள காற்றை, ஒரு துளி நீரையும் எடுக்காமல் 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 58 வீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் கொள்ளளவு அதிகம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டு மாடியில் கொழுந்து வாட்ட வெப்பக்காற்றை ஊதுவதும் இதே கணக்கில்தான். ஈரக்குமிழ் வெப்பமானியையும் உலர்குமிழ் வெப்பமானியையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி வைத்து வித்தியாசம் பார்க்கிற தொழிற்சாலை டீ மேக்கரை ஒருநாள் கூட்டிவந்தால், கண்காட்சி மண்டபத்தின் பாதிப் பிரச்சினையை அவரே தீர்த்து வைப்பார். கந்தப்பளையின் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக மாற்றினார்கள். ஒரு காலத்தில் கொழுந்து வாடிய மாடிகளில் இப்போது சுற்றுலாப் பயணிகள் உறங்குகிறார்கள். ஒரு மாடியைப் படங்களுக்கு விட்டிருக்கலாமே என்பது என் ஆதங்கம்.

கூட்டம் வந்தால் கணக்கு மாறும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை விடுகிறார். நாற்பது பேர் ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்டால் இரண்டு லீற்றர். நனைந்த குடைகளும் சுவெட்டர்களும் தனி. நீண்ட உரைகளுக்கு எதிராக இதைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரியாது.

வெளிச்சமும் எதிரிதான். தேயிலைச் சாயம் வெயிலில் மங்கக்கூடியது. தாளோவியத்துக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிப்பது 50 லக்ஸ். மேகமூட்டமான பகலிலும் வெளியில் 10,000 லக்ஸ் இருக்கலாம். சேதம் கூட்டல் கணக்காகச் சேர்வதால், அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் கிடப்பது காட்சிக்கூடத்தில் 200 மணி நேரம் தொங்குவதற்குச் சமம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 வீதம் கூடுகிறது என்பதையும் மலைநாட்டார் சேர்த்துக்கொள்ள வேண்டும். யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள்.

பெரிய கட்டடம் வேண்டுமென்றில்லை. கம்பளைக்கு அருகே, பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் ஒன்றைச் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தொடங்கியது. கலைஞருக்கு உதவி என்று பணம் ஒதுக்குவோர் அதில் ஒரு பங்கை ஈரமானி, சிறு ஹீட்டர், சட்டத்துக்குள் வைக்கும் சிலிக்கா ஜெல் ஆகியவற்றுக்குக் கொடுக்கட்டும். இரவில் ஹீட்டரை அணைத்துக் காலையில் போடுவது கூடாது; ஏறி இறங்கும் ஈரப்பதனும் தாளுக்குக் கெடுதி.

படத்தை வெளிச்சுவரோடு ஒட்டி மாட்டவும் கூடாது. அறை 22 பாகையிலும் 58 வீத ஈரப்பதனிலும் இருந்தாலும் கருங்கல் சுவர் 14 பாகையில் இருந்தால், சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 97 வீதத்தைத் தொடும். முன்பக்கம் பளிச்சென்று இருக்க, முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் நான்கு மூலையிலும் போத்தல் தக்கையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் பின்னால் காற்றோட்டம் கிடைக்கும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை.