டியூப் லைட் ஏன் ரெண்டா தெரிஞ்சது?

அறிவியல் கண்காட்சியில் என் பெரிஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்த ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன், "அக்கா, ஒரு டியூப் லைட்தானே இருக்கு? பக்கத்துல மங்கலா இன்னொண்ணு தெரியுதே!" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அது அப்படித்தான்டா" என்று சமாளித்து அனுப்பிவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. தம்பி, இதோ உனக்கான பதில்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் முக்கியமாக எதிரொளிப்பது கண்ணாடி அல்ல, அதன் பின்னால் பூசியிருக்கும் வெள்ளி அல்லது அலுமினியம். ஆனால் முன்பக்கமும் சும்மா இருப்பதில்லை. சுமார் 4 சதவீத ஒளியை அதுவும் திருப்பி அனுப்பும். நீ பார்த்த மங்கலான லைட் அதுதான்! பேனா முனையைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், முனைக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். கேரளாவின் ஆரன்முளா கண்ணாடியில் இந்த இடைவெளி இருக்காது. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தையே தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிச் செய்வது அது.

உலோகம் எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் திருப்பி அனுப்பும். ஆனால் கொஞ்சம் விழுங்கிவிடும். அலுமினியம் ஒவ்வொரு முறையும் சுமார் 10 சதவீதத்தை வெப்பமாக்கிவிடுகிறது. நாலு முறை பட்டால் 100க்கு 66தான் மிச்சம். பல பைனாகுலர்களில் ஒளி நாலு முறை திரும்ப வேண்டும். அதனால்தான் அதில் முப்பட்டகம் வைக்கிறார்கள்.

முப்பட்டகத்துக்குப் பூச்சே வேண்டாம். கண்ணாடிக்குள்ளிருந்து காற்றுக்குப் போகப் பார்க்கும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியேற முடியாது. முழுசாக உள்ளேயே திரும்பிவிடும். இதுதான் முழு அக எதிரொளிப்பு. ஒளியிழைக்குள் ஒளி பல கிலோமீட்டர் ஓடுவதும் இப்படித்தான்.

நான் முதலில் நம்பவில்லை. சார் ஒரு காலிச் சோதனைக்குழாயைத் தண்ணீர் உள்ள முகவையில் சாய்த்து, மேலிருந்து பார்க்கச் சொன்னார். பாதரசம் ஊற்றியது மாதிரி மின்னியது! குழாய்க்குள் தண்ணீர் ஊற்றினார். மினுக்கம் போயே போச்சு. உள்ளே இருந்த காற்று போய்விட்டதே, அதனால்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். முப்பட்டகத்துக்குள் ஒளி நுழையும்போதும் வெளிவரும்போதும் 4, 4 சதவீதம் போகும். எனவே ஒரே ஒரு முறை திருப்ப சாதாரணக் கண்ணாடியே போதும் என்பது என் கட்சி.

என் பெரிஸ்கோப்பில் இன்னும் கண்ணாடிதான். லேபில் முப்பட்டகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, சார் தரமாட்டார்! தம்பி, நீ எந்த செக்‌ஷன் என்று தெரியாது. மதிய இடைவேளையில் லேபுக்கு வா, அந்தக் குழாயைக் காட்டுகிறேன்.

- பிளஸ் ஒன் மாணவி