கறவை மாட்டுக்கு இரத்தம் ஏற்றுதல்: கொடுக்கும் மாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கலப்பினக் கறவை மாடுகளை உண்ணிக் காய்ச்சல் தாக்கும்போது, நல்ல நிலையில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கறந்துகொண்டிருந்த பசு நான்கைந்து நாட்களில் எழுந்து நிற்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. தைலீரியா, பபீசியா, அனாபிளாஸ்மா ஆகிய நுண்ணுயிர்கள் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைத் தாக்கி அழிப்பதே இதற்குக் காரணம். மருந்து கொடுத்து நுண்ணுயிரைக் கொன்றுவிட்டாலும், அழிந்துபோன சிவப்பணுக்கள் மீண்டும் உற்பத்தியாவதற்குப் பல நாட்கள் ஆகும். அதுவரை மாட்டின் உயிர் தாங்க வேண்டுமே! அந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே கால்நடை மருத்துவர்கள் வேறொரு மாட்டின் இரத்தத்தை ஏற்றுகிறார்கள்.

“மனிதருக்கு இரத்தம் ஏற்றும்போது ஏ, பி, ஓ என்று வகை பார்க்கிறார்கள். மாட்டுக்கு அப்படி ஒன்றும் பார்ப்பதாகத் தெரியவில்லையே? பக்கத்துக் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டிலிருந்து எடுத்து ஏற்றிவிடுகிறார்களே?” என்று உழவர்கள் பலர் கேட்பதுண்டு. மாட்டுக்கும் இரத்த வகை உண்டு. மிகப் பலவாகவே உண்டு. அப்படியிருந்தும் முதல் முறை பெரும்பாலும் தீங்கின்றி முடிவதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் இரண்டாவது முறை ஏன் மாடு இறந்துபோகக்கூடும் என்பது விளங்கும்.

இரத்த வகை என்பது என்ன?

சிவப்பணுவின் மேற்பரப்பில் சில புரதப் பொருட்களும் சர்க்கரைப் பொருட்களும் அமைந்துள்ளன. மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறி போல இவை ஒவ்வொரு உயிருக்கும் உரிய அடையாளங்கள். பெற்றோரிடமிருந்து பரம்பரையாக வருபவை. தன் உடலில் இல்லாத அடையாளம் கொண்ட அணு உள்ளே வந்தால், உடல் அதனை அந்நியன் என்று கண்டு, எதிர்ப்பொருளை உண்டாக்கி அழிக்க முற்படுகிறது.

1900ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித இரத்தத்தில் இவ்வேறுபாட்டைக் கண்டார். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1900இல் ஜெர்மனியில் எர்லிக், மோர்கன்ராத் என்னும் இருவர் ஓர் ஆட்டின் இரத்தத்தை இன்னொரு ஆட்டுக்குச் செலுத்தி, அந்த ஆடு முதல் ஆட்டின் சிவப்பணுக்களைக் கரைக்கும் பொருளை உண்டாக்குவதைக் கண்டனர். ஒரே இனத்து ஆடுகளிலும் இரத்தம் ஒன்றல்ல என்பதை அன்றைக்கே நம் கொட்டிலில் கட்டும் பிராணி காட்டிவிட்டது.

மாடுகளில் ஏ, பி, சி, எஃப், ஜே, எல், எம், எஸ், ஸெட், ஆர்-டேஷ், டி-டேஷ் எனப் பதினோரு இரத்த வகைத் தொகுதிகள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பி என்னும் ஒரு தொகுதியிலேயே அறுபதுக்கும் மேற்பட்ட அடையாளங்கள் உள்ளன. அவை பலவாறு சேர்ந்து நூற்றுக்கணக்கான கூட்டுகளாக அமைகின்றன. எனவே எல்லாத் தொகுதிகளிலும் முழுவதும் ஒத்துப்போகும் இரண்டு மாடுகள் கிடைப்பது மிக அரிது. இரட்டைக் கன்றுகள் மட்டும் சில சமயம் விதிவிலக்கு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் என்பவர் 1945இல் இரட்டைக் கன்றுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஒவ்வொன்றிலும் இரண்டு கன்றுகளின் அணுக்களும் கலந்திருந்தன. கருப்பையிலேயே இரண்டின் இரத்தக் குழாய்களும் இணைந்துவிடுவதால் இவ்வாறு நேர்கிறது. காளைக் கன்றுடன் இரட்டையாகப் பிறக்கும் கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காமல் போவதும் இந்த இணைப்பினால்தான். அத்தகைய கிடேரியைக் கறவைக்கென்று வளர்க்கும் முன் மருத்துவரிடம் காட்டிச் சோதிப்பது நல்லது.

முதல் முறை ஏன் தப்புகிறது?

மனிதரில் ஏ வகையினரின் இரத்தத்தில் பி வகைக்கு எதிரான பொருள் குழந்தைப் பருவத்திலேயே தானாக அமைந்துவிடுகிறது. ஆகவே தவறான இரத்தம் ஒரே ஒரு முறை ஏறினாலும் உயிருக்கு ஆபத்து. மாட்டில் அப்படி இல்லை. இயற்கையாகவே எதிர்ப்பொருள் காணப்படுவது பெரும்பாலும் ஜே என்னும் ஒரு அடையாளத்துக்கு மட்டுமே. அதுவும் ஜே இல்லாத மாடுகள் சிலவற்றில்தான். மற்ற அடையாளங்களுக்கு எதிரான பொருள் அந்நிய இரத்தம் உள்ளே வந்த பிறகுதான் தோன்றும். அதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும்.

ஆகவே முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. இரண்டு மூன்று நாட்களுக்குள் மறுபடியும் ஏற்ற நேர்ந்தாலும் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். ஒரு வாரம் கடந்து, மீண்டும் அதே மாட்டின் இரத்தத்தை ஏற்றும்போதுதான் ஆபத்து காத்திருக்கிறது. வேறு மாட்டின் இரத்தமானாலும், முந்தைய மாட்டுக்கும் அதற்கும் பொதுவான அடையாளங்கள் இருந்தால் அதே விளைவு ஏற்படலாம். சில மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் உடல் அந்த அந்நியனை மறப்பதில்லை.

மருத்துவர் வந்ததும் “இந்த மாட்டுக்கு இதற்கு முன் இரத்தம் ஏற்றியிருக்கிறதா?” என்று கேட்பது இதனால்தான். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் மாட்டுக்காரர். எந்த ஆய்வுக்கூடமும் அந்த நேரத்தில் அவருக்குப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. எனவே இரத்தம் ஏற்றிய நாள், அளவு, எந்த மாட்டின் இரத்தம் என்பவற்றைக் கருவூட்டல் அட்டையிலோ பால் கணக்கு நோட்டிலோ எழுதி வைத்தல் மிகவும் அவசியம். மாட்டை விற்கும்போது இதனைச் சொன்னால் விலை குறையுமே என்று மறைப்பவர்கள் உண்டு. வாங்கியவர் வீட்டில் அந்த மாட்டுக்கு மறுபடியும் உண்ணிக் காய்ச்சல் வந்தால், மறைத்த அந்த ஒரு செய்தியே மாட்டின் உயிரைப் பறிக்கக்கூடும். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பல்லையும் மடியையும் பார்ப்பதோடு இதனையும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

கொடுக்கும் மாடு எப்படி இருக்க வேண்டும்?

ஒரே இனமாக இருந்தால் இரத்தம் ஒத்துப்போகும் என்று சிலர் நினைக்கின்றனர். ஜெர்சிக்கு ஜெர்சி இரத்தம் என்பதனால் மட்டும் அது ஒத்துப்போய்விடாது. நாட்டு மாட்டின் இரத்தம் என்பதால் கலப்பினத்துக்கு ஆகாது என்பதும் இல்லை. ஆனால் எருமை இரத்தத்தைப் பசுவுக்கு ஏற்றக் கூடாது.

கொடுக்கும் மாடு முழு வளர்ச்சி அடைந்ததாகவும், நல்ல உடற்கட்டு உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். அதற்கு இதுவரை ஒரு முறைகூட இரத்தம் ஏற்றியிருக்கக் கூடாது. ஏற்றியிருந்தால், அதன் இரத்த நீரிலுள்ள எதிர்ப்பொருளே நோயுற்ற மாட்டின் அணுக்களைத் தாக்கும். நிறைசினைப் பசு, அண்மையில் ஈன்ற பசு, அதிகம் கறக்கும் பசு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஊரில் நல்ல உழவு எருது இருந்தால் அதுவே மிகவும் ஏற்றது. உடலும் பெரிது, சினை, கறவை என்ற தொல்லையும் இல்லை.

நோயைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்த மாடு பார்வைக்கு நலமாக இருந்தாலும், அதன் இரத்தத்தில் நுண்ணுயிர் நெடுநாள் தங்கியிருக்கும். நாட்டு மாடுகள் இந்நோய்களைத் தாங்கி நிற்பதால் அவற்றில் இது வெளியே தெரியாமலே இருக்கும். ஆகவே கொடுக்கும் மாட்டின் இரத்தத்தை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்லது. கருச்சிதைவு நோயும் காசநோயும் இல்லாத மாடாகவும் இருக்க வேண்டும். கூடுமானவரை அதே பண்ணையில் உள்ள மாட்டையே தெரிந்தெடுப்பதற்கும் இதுவே காரணம். புதிய நோய் எதுவும் உள்ளே வராது.

மாட்டின் உடலில் எடையில் நூற்றுக்கு 7 முதல் 8 பங்கு இரத்தம் உள்ளது. 350 கிலோ எடையுள்ள மாட்டில் சுமார் 25 லிட்டர் இருக்கும். கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.லி. வீதம், அதாவது மூன்றரை முதல் ஐந்து லிட்டர் வரை எடுப்பதால் நலமுள்ள மாட்டுக்குத் தீங்கு வராது. எடுத்தபின் வேண்டிய அளவு தண்ணீரும், பசுந்தீவனமும், தாது உப்புக் கலவையும் கொடுத்து, ஓரிரு நாட்கள் ஓய்வு தரவேண்டும். அதே மாட்டிலிருந்து மறுபடியும் எடுக்க ஒரு மாதமாவது இடைவெளி விடுதல் நலம். அண்டை வீட்டாரின் மாட்டைக் கேட்கும்போது இவற்றை எடுத்துச் சொன்னால் அவரும் அஞ்சாமல் இசைவார்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

எந்த நிலையில் இரத்தம் ஏற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். நலமுள்ள மாட்டின் இரத்தத்தில் நூற்றுக்கு 24 முதல் 46 பங்கு அணுக்கள் இருக்கும். இது 12 அளவுக்குக் கீழே இறங்கினால் இரத்தம் ஏற்றுவதைப் பற்றி நினைப்பார். வேகமாக இறங்கும்போது அதற்கு முன்பே ஏற்றுவதும் உண்டு. உழவர் தம் அளவில் பார்க்கக்கூடியது கீழ் இமையின் உட்புறத்தை. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய அது வெள்ளைத் தாள் போல வெளுத்திருந்தாலும், சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலும், நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினாலும் காலம் தாழ்த்தக் கூடாது. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

மனித இரத்தத்தைப் போல இரண்டு துளிகளைத் தகட்டில் கலந்து, திரிகிறதா என்று பார்க்கும் முறை மாட்டில் சரிவர உதவுவதில்லை. மாட்டின் சிவப்பணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டித் திரிவதில்லை. அவை கரைகின்றனவா என்று தனி முறையில் ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க முடியும். எனவே கிராமத்தில் மருத்துவர் முதலில் சிறிதளவு இரத்தத்தை மிக மெதுவாகச் செலுத்திவிட்டு, பத்து நிமிடம் போலப் பொறுத்திருந்து பார்ப்பார். மருத்துவர் வீணாக நேரத்தைக் கழிக்கிறார் என்று அவசரப்படுத்த வேண்டாம். சோதனைக்குழாயில் செய்யாத சோதனையை அவர் மாட்டிலேயே செய்துகொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் மாட்டைப் பிடித்திருப்பவர் அதன் மீது கண்ணாக இருக்க வேண்டும். தோல் நடுங்குதல், மூச்சு வேகமாதல், வாயில் எச்சில் ஒழுகுதல், கண்ணீர் வடிதல், விக்கல், இருமல், தோலில் தடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் ஏற்றுவதை நிறுத்தி மாற்று ஊசி போடுவார். முதல் முறைதானே என்ற துணிச்சலும் வேண்டாம். முன்னே சொன்ன ஜே எதிர்ப்பொருள் எந்த மாட்டில் இருக்கும் என்பது பார்வைக்குத் தெரிவதில்லை.

இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் சிட்ரேட் கரைசலுக்கும் அளவு உண்டு. 3.8 சதவீதக் கரைசலில் 100 மி.லி.க்கு 900 மி.லி. இரத்தம் என்பது வழக்கம். கரைசல் மிகுந்தால் மாட்டின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, பால் காய்ச்சலில் போல உடல் நடுங்கும்.

ஏற்றிய இரத்தம் நிலைத்து நிற்கும் என்று எண்ணுதல் சரியன்று. மாட்டின் சொந்தச் சிவப்பணு சுமார் 130 நாட்களுக்கு மேல் வாழும். ஏற்றிய அணுக்களோ பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களிலேயே அழிந்துவிடும். மாடு எழுந்து தீனி தின்னத் தொடங்கியதும் நோய்க்கான மருந்தை நிறுத்திவிடுவது இதனால்தான் கேடாக முடிகிறது. அந்த நான்கு நாட்களுக்குள் நுண்ணுயிர் ஒழிந்து, எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உற்பத்தி செய்யத் தொடங்க வேண்டும்.

அடுத்த கன்றின் கதி

இரத்தம் ஏற்றிய கிடேரியும் பசுவும் பின்னர் சினையாகிக் கன்று ஈனும்போது ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அதன் உடலில் உண்டான எதிர்ப்பொருள் சீம்பாலில் இறங்கும். காளையின் வழியாகக் கன்று பெற்றுள்ள அடையாளம் அந்த எதிர்ப்பொருளுக்கு இலக்கானால், நன்றாகப் பிறந்து சீம்பால் குடித்த கன்று ஓரிரு நாட்களில் வெளுத்து, மஞ்சள் படிந்து, சிவந்த சிறுநீர் கழித்து இறக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மாட்டு இரத்தத்திலிருந்து தயாரித்த உண்ணிக் காய்ச்சல் தடுப்பூசிகளைப் போட்ட பசுக்களின் கன்றுகளில் இவ்வாறு நேர்ந்ததைக் கண்டறிந்துள்ளனர். எல்லாக் கன்றுக்கும் வருவதன்று; அரிதாகவே வரும். இருப்பினும் முன்பு இரத்தம் ஏற்றிய பசு ஈனும் சமயத்தில் மருத்துவரிடம் அதனைச் சொல்லி வைத்து, அவர் வேண்டும் என்றால் கன்றை முதல் இரண்டு நாட்கள் தாய் மடியில் விடாமல் கட்டி, அதே நாட்களில் ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம். தாய்ப் பசுவின் சீம்பாலைக் கறந்து அப்புறப்படுத்திவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து கன்றை ஊட்டவிடலாம்.