அடித்த தாயிடமே பிள்ளையை விடலாமா?

ஸ்ரீமுஷ்ணம்:
"அடிக்காம வளர்த்தா புள்ள உருப்படுமா சார்?" கடைத்தெருவில் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் திருப்பிக் கேட்கிறார்கள். தட்டில் தொடங்கும் கை, சூடு வைப்பது வரை போய்விடுகிறதே!

2021 ஆகஸ்டில் செஞ்சி அருகே ஒரு தாய், 2 வயது மகனை அடித்துச் செல்போனில் படமும் பிடித்தார். ஊரே கொதித்தது. தாய் கைது!

குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் முடிந்தவரை பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்க்கவும் அதே சட்டம் சொல்கிறது. இல்லம் கடைசி வழிதான். திரும்பிப் போனால் அதே வீடு, அதே கை!

காதில் கருவி

அந்தக் கையை மாற்ற முடியுமா? அமெரிக்காவில், பிள்ளையை அடித்துப் புகாரில் சிக்கிய 110 பெற்றோரிடம் சோதித்தார்கள். பெற்றவரும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிபுணர். "நல்லா அடுக்கினேன்னு சொல்லுங்க", "இப்ப அதட்டாதீங்க" என்று பெற்றவரின் காதுக் கருவியில் சொல்லிக்கொடுப்பார்.

2004-ல் முடிவு வெளியானது. 2 வருஷத்துக்கு மேல் கவனித்ததில், பயிற்சி பெற்றவர்களில் மறுபடி புகாரில் சிக்கியது நூற்றுக்கு 19 பேர். வழக்கமான வகுப்புக்குப் போனவர்களில் 49!

கண்ணாடி அறைக்கு இங்கே எங்கே போவது? வீட்டுப்பாடத்துக்கு அது வேண்டாம். தினம் 5 நிமிஷம், பிள்ளை இஷ்டப்பட்ட விளையாட்டில் கூட உட்கார வேண்டும். அதட்டல், குறை, உத்தரவு கூடாது. கரும்பு வெட்டிக் களைத்து வருகிறவருக்கு அதுவே மலைதான்!

காயம், சூடு கண்ணில் பட்டால் மட்டும் விளையாட்டுக்குக் காத்திருக்காதீர்கள். 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.