மாடல் மாறினால் கருவியும் மாறுமா?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை பூம்பாறையில் பூண்டு பயிரிடுகிறார். சென்ற ஆண்டு மூட்டைகளை வடுகபட்டிச் சந்தையில் விற்றுவிட்டு, கையில் பணம் இருக்கும்போதே மகனின் பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கிவிட வேண்டுமென்று பெரிய ஊர் வரை சென்றார். வீட்டில், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் வீடியோ கேம் கருவி இருந்தது. கடையில் அவருக்குக் காட்டிய கேசட்டின் பெட்டியில் 'ஸ்விட்ச் 2' என்று இருந்தது. "எங்ககிட்ட இருக்கிறது வெறும் ஸ்விட்ச்தானே, ஓடுமா தம்பி?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே, மாடல்தான் வேற" என்று பதில் வந்தது.

கேசட் ஓடவில்லை. மறுபடி மலையிறங்கிச் சென்று கேட்டபோது, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். பூண்டு விற்ற பணத்தில் சில ஆயிரம் ரூபாயும், இரண்டு நாள் வேலையும் போயின.

"மாடல்தான் வேற" என்ற அந்த ஒரு சொல்லே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மாடல் மாறினால் கருவி வேறாகிவிடுமா? எப்போது அது பழைய கருவியின் புது வடிவம்? எப்போது அது முற்றிலும் வேறு கருவி? இதனைச் சற்று ஆராய்வோம்.

தளம் என்பது என்ன?

எங்கள் தையல் வகுப்பில் காலால் மிதிக்கும் தையல் இயந்திரமும் உண்டு. மோட்டார் பொருத்திய இயந்திரமும் உண்டு. ஒன்று பழையது, மற்றது புதியது. ஆனால் இரண்டுக்கும் ஊசி ஒன்றே, பாபின் ஒன்றே. இதில் தைக்கத் தெரிந்தவள் அதிலும் தைப்பாள். எனவே இரண்டும் ஓரினம். வேறுபாடு மாடலில் மட்டுமே.

வீடியோ கேம் உலகில் இந்த இனத்தைத் 'தளம்' என்று வழங்குகிறார்கள். ஒரு விளையாட்டை எழுதுகிறவர், கருவியின் மூளையாகிய செயலி எது, நினைவகம் எவ்வளவு, படம் வரையும் பகுதியின் திறன் என்ன என்பவற்றை மனத்தில் கொண்டே எழுதுகிறார். அந்த அமைப்பு முழுவதும் சேர்ந்ததே தளம். மேலுறையின் நிறம், எடை, விலை, மின்கலத்தின் ஆயுள் ஆகியவை மாடலைச் சேர்ந்தவை. ஆகவே இரண்டு கருவிகள் ஒரே தளமா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். முதலாவது: பழைய கேசட் புதிய கருவியில் ஓடுகிறதா? இரண்டாவது: புதிய கேசட் பழைய கருவியில் ஓடுகிறதா?

பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஏழையின் பணத்தைக் காப்பது இரண்டாவது கேள்விதான். அதனைச் சில உதாரணங்களால் காண்போம்.

பெயர் பல, தளம் ஒன்று

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்னும் சிவப்பும் வெள்ளையுமான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985-ல் அதுவே அமெரிக்காவில் சாம்பல் நிறப் பெட்டியாக, 'நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்ற நீண்ட பெயருடன் வெளிவந்தது. ஜப்பானியக் கேசட்டுக்கு 60 உலோக முனைகள். அமெரிக்கக் கேசட்டுக்கு 72. அதனால் ஒன்றில் மற்றது நேரே பொருந்தாது. அமெரிக்கக் கருவியில், அனுமதி பெறாத கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு ஒன்றும் இருந்தது. ஆயினும் உள்ளே இருந்த செயலியும் படம் வரையும் பகுதியும் ஒன்றே. இடையில் ஓர் இணைப்பான் வைத்தால் ஜப்பானியக் கேசட் அமெரிக்கக் கருவியிலும் ஓடியது. பொருந்தாதிருந்தது வாசல்தான், வீடு ஒன்றுதான்.

1990-களில் நம் நாட்டுக் கடைகளில் பல பெயர்களில் விற்ற 'டிவி கேம்' பெட்டிகளை நம் அண்ணன்மாரும் மாமாமாரும் இன்றும் நினைவுகூர்வர். அவற்றில் மிகப் பல, ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள். பெட்டிக்குப் பெட்டி பெயர் வேறு, உருவம் வேறு. ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய 60 முனைக் கேசட் நம் வீட்டுப் பெட்டியிலும் ஓடியது. தளம் என்ற சொல்லை அறியாமலேயே அக்காலத்துப் பிள்ளைகள் தளத்தை அறிந்திருந்தார்கள்!

உருவம் சுருங்கினாலும்

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 கருவி 2000-ல் வந்தது. 2004-ல் அதுவே மெலிந்த உருவம் பெற்றது. இரண்டையும் அருகருகே வைத்தால், அவை ஒரே கருவி என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் தட்டுகள் அவையேதான். இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு 2009-ல் இக்கருவிக்கு வெளிவந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' என்னும் விளையாட்டை வாங்கியவர், தம் வீட்டில் இருப்பது தடித்ததா மெலிந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தடித்த மாடலில் நினைவு வட்டு பொருத்த ஓர் இடம் இருந்தது. மெலிந்த மாடலில் அவ்விடம் நீக்கப்பட்டது. அந்த வட்டு இன்றி ஓடாத 'ஃபைனல் ஃபேன்டஸி 11' போன்ற விளையாட்டு பழைய மாடலுக்கே உரியதாயிற்று. புதியதால் எல்லாம் முடியும், பழையதால்தான் முடியாது என்று நினைப்போம். இங்கே அது தலைகீழாயிற்று. ஆயினும் ஒரு சில விளையாட்டுக்காக யாரும் அவற்றை இரண்டு தளமாக எண்ணவில்லை. 16 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2 என்ற கணக்கில் தடித்ததும் மெலிந்ததும் சேர்ந்தே உள்ளன.

இடைநிலைக் கருவிகள்

சிக்கல் எழுவது இங்குதான். கையடக்கமான கேம் பாய் 1989-ல் வந்தது. 1996-ல் வந்த கேம் பாய் பாக்கெட், அளவில் சிறியது, மற்றபடி அதுவே. 1998-ல் கேம் பாய் கலர் வந்தது. அதன் செயலி இரு மடங்கு வேகத்தில் இயங்க வல்லது, நினைவகமும் கூடியது, படங்கள் வண்ணத்தில் தெரிந்தன. பழைய கேசட்டுகள் எல்லாம் அதில் ஓடின. ஆனால் புதிய கேசட்டுகளில் இருவகை இருந்தன. கறுப்பு நிறக் கேசட் பழையதிலும் புதியதிலும் ஓடும். உள்ளே தெரியும்படியான கண்ணாடி நிறக் கேசட் புதியதில் மட்டுமே ஓடும். இரண்டாவது கேள்விக்கு இங்கே 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு விடைகள்!

இதைச் செய்த நிறுவனம் என்ன சொல்கிறது? விற்பனைக் கணக்கில் கேம் பாயையும் கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல் என்று ஒரே எண்ணாகவே தருகிறது. ஆனால் விளையாட்டுகளைப் பட்டியலிடுவோர் பலர் இரண்டையும் தனித்தனியே எழுதுகிறார்கள். விற்பவருக்குக் கூட்டுத்தொகை பெரிதாக இருப்பது நலம். வாங்குபவருக்கோ தம் கருவியில் எது ஓடும் என்பதே முக்கியம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் கேட்கும் கேள்விகள் வேறு.

2014-ல் வந்த 'நியூ நின்டெண்டோ 3டிஎஸ்' கருவியும் இவ்வாறே. 2011-ல் வந்த 3டிஎஸ் கருவியின் திருத்திய மாடலே அது. ஆனால் 2015-ல் வந்த 'ஜெனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 3டி' போன்ற சில விளையாட்டுகள் அதில் மட்டுமே ஓடின. பெயரில் இருந்த 'நியூ' என்பதைப் 'புத்தம் புதிய பெட்டி' என்று பொருள் கொண்ட பெற்றோர் எத்தனை பேரோ!

பெயரை நம்பலாமா?

2016-ல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ, மூலக் கருவியைவிடப் பன்மடங்கு நுட்பமாகப் படம் காட்ட வல்லது. ஆனால் அதற்கென்று தனியே விளையாட்டு வெளியிடக் கூடாது என்பது சோனியின் விதி. எல்லா விளையாட்டும் 2013-ன் கருவியிலும் ஓடியாக வேண்டும். எனவே திறன் எவ்வளவு கூடினும் அது தனித் தளம் அன்று.

ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. 2019-ல் வந்த லைட் மாடலைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது. 2021-ல் வந்த ஓஎல்இடி மாடலின் திரை பெரியது. மூன்றுக்கும் கேசட் ஒன்றே, தளம் ஒன்றே. 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2, பழைய கேசட்டுகளில் மிகப் பலவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கென்றே செய்த கேசட், பழைய ஸ்விட்ச்சில் ஓடாது. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆம்'. இரண்டாவது கேள்விக்கு 'இல்லை'. ஆகவே அது வேறு தளம். தோழியின் தந்தை கேட்டது இரண்டாவது கேள்வி. கடையில் கிடைத்தது முதல் கேள்விக்கான விடை. புதுத் திராட்சை இரசத்தையும் பழைய தோற்பையையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை எங்களுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

நம் மலை தரும் பாடம்

இடைநிலைக் கருவிகளை எப்படிக் கணக்கில் வைப்பது? இதற்கு விடை தேட நாங்கள் வெகுதூரம் போகவில்லை. 1899-ல் நம் கோடைக்கானலில் நிறுவப்பட்டு, சூரியனை ஆராய்ந்துவரும் ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பார்த்தோம். சூரியனை அங்கு முதலில் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார்கள், பிறகு படச்சுருளில், இன்று மின்னணு முறையில். கால்சியம் ஒளியில் படமெடுக்க நூறாண்டுக் காலம் பயன்பட்ட கருவி 2007-ல் ஓய்ந்தது. 2008-ல் இரட்டைத் தொலைநோக்கி வந்தது. கருவி மாறினாலும் சூரியனின் வரலாறு அறுந்துவிடக் கூடாது அல்லவா?

சூரியக் கரும்புள்ளிகளை எண்ணும் பணியிலும் இதே சிக்கல் எழுந்தது. சூரிச் நகரில் ருடால்ஃப் வுல்ஃப் சிறிய தொலைநோக்கியால் எண்ணினார். அவருக்குப் பின் வந்த வுல்ஃபர், மிக நுண்ணிய புள்ளிகளையும் சேர்த்து எண்ணியதால் அவருடைய தொகை கூடியது. இருவரும் ஒரே காலத்தில் எண்ணியவற்றை ஒப்பிட்டு, வுல்ஃபரின் எண்ணை 0.6 ஆல் பெருக்கிப் பழைய கணக்கோடு பொருத்தினார்கள். 2015-ல் இக்கணக்கு முழுவதும் திருத்தப்பட்டபோது அந்தப் பெருக்கல் கைவிடப்பட்டது. எவர், எக்காலத்தில், எவ்வாறு எண்ணினார் என்ற குறிப்பு இருந்ததாலன்றோ அத்திருத்தம் இயன்றது!

அவர்கள் எல்லாம் ஒன்றுதான் என்று கலந்துவிடவும் இல்லை. எல்லாம் வேறு என்று பழையதை எறிந்துவிடவும் இல்லை. வரிசையை ஒன்றாக வைத்து, பக்கத்திலேயே கருவியையும் குறித்தார்கள். வீடியோ கேம் கருவிகளுக்கும் இதுவே தக்க வழி என்பது எங்கள் கருத்து. ஒரு கட்டத்தில் தளம். அடுத்த கட்டத்தில் மாடல். 'கேம் பாய்' என்று ஒரு கட்டத்தில் எழுதி, 'கலர் மட்டும்' என்று அடுத்ததில் எழுதிவிட்டால் பூசலும் இல்லை, பண நட்டமும் இல்லை.

தோழியரே! உங்கள் வீட்டில் இத்தகைய கருவி இருந்தால், அதன் பின்புறத்தில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து எழுதி வையுங்கள். கடையில், "இந்தப் புதுக் கேசட் எங்கள் பழைய கருவியில் ஓடுமா?" என்று அந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். கருவிக்கு மட்டுமன்று, குக்கருக்கு ரப்பர் வாங்கினாலும், தண்ணீர் மோட்டாருக்கு உதிரிப் பாகம் வாங்கினாலும் இக்கேள்வி பயன்படும்.

எங்கள் தோழி ஒரு சிறு அட்டையில், கருவியின் பெயரையும் அடியில் மாடல் எண்ணையும் தமிழில் எழுதித் தன் தந்தையிடம் கொடுத்திருக்கிறாள். அவர் அதனைப் பூண்டு விற்ற சீட்டுகளோடு சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஓடாத அந்தக் கேசட், தம்பியின் மேசை மேல் இருக்கிறது. அடுத்த விளைச்சலுக்கு அதற்கேற்ற கருவியை வாங்கிவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். "வேண்டாம்ப்பா, இதுக்கு ஓடுறதா ஒரு கேசட் வாங்கினாப் போதும்" என்றானாம் தம்பி. தளம் என்றால் என்னவென்று அவன் எங்களுக்கு முன்பே விளங்கிக்கொண்டான்.